சேர்க்கைக்குக் கடைசி நாள்

குடவாசல்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் அம்மாவின் படுக்கைப் புண் ஆறிவிட்டது. வாதம் அடித்த கையில் விரல்கள் லேசாக அசைகின்றன. நானும் ஆஸ்பத்திரியில் லீவை நீட்டித்துவிட்டேன்.

தஞ்சாவூரில் நர்சிங் மேற்படிப்பில் சேர நேற்றுதான் கடைசி நாள். "வீட்லயே நர்ஸ் இருக்கும்போது வேற ஆள் எதுக்கு?" என்று துபாயிலிருந்து கேட்டீர்கள். மாமியைக் குளிப்பாட்டிவிட்டு, சேர்க்கைக் கடிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"காலேஜுக்குப் போவலையாம்மா?" என்று மாமி குழறலாகக் கேட்டார்கள்.

"அடுத்த வருஷம் போறேன் மாமி."

"போம்மா. அதுக்குள்ள நான் எந்திரிச்சிருவேன்."

அந்தப் படிப்பில் சேர எனக்கு வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. மாமிக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

வெயிலில் அலையாதீர்கள்.

உங்கள் மனைவி