சின்ன அறையின் காற்று

3 ஜூன், செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டுப் போய்விட்டது. அலுவலகத்தில் கூலாய் ஊர்த் தொழிற்சாலை ஒன்றின் வேலை. கணினியில் கட்டடத்தை வரைந்து, காற்று எங்கே நுழைகிறது, சூடு எங்கே தங்குகிறது என்று ஓட்டிப் பார்ப்பது. மதியத்துக்குள் அனுப்பியாயிற்று.
மகள் யாழினி அத்தை வீட்டுக்குப் போய் இன்றோடு ஐந்து வாரம். நாலு வயது. இங்கே தெப்ராவ் வீட்டில் இருந்தால் மூச்சிளைப்பு. லாயாங் லாயாங் ஊரில், என் கணவர் முரளியின் அக்கா வீட்டில் ஒன்றுமில்லை. "வீட்டுக் காத்துலதான் ஏதோ இருக்கு," என்றார் டாக்டர்.
ஊரார் கட்டடத்துக்கெல்லாம் பார்க்கிறேன். என் வீட்டுக்குப் பார்த்ததில்லை.

4 ஜூன், புதன்
மாலை வீட்டை அளந்தோம். டேப்பின் மறுமுனையில் முரளி. "நீ எழுது லா, நான் சொல்றேன்." யாழினியின் கட்டிலுக்கடியில் ஒற்றைக் காலுறை. அந்த அறையை மட்டும் இரண்டாம் தடவை அளக்க வேண்டியதாயிற்று.
வாங்க வேண்டியது: முட்டை, துணி சோப்பு.
வீடியோ கால். "அம்மா, ரயில் வருது பாருங்க!" போனை ரயில் பக்கம் திருப்பிவிட்டாள். எனக்கு அவள் முகம்தான் வேண்டியிருந்தது.

6 ஜூன், வெள்ளி
சாப்பாட்டு நேரத்தில் அலுவலகக் கணினியில் எங்கள் வீட்டை வரைந்து ஓட்டினேன். முதலில் ஒன்றுமில்லை. ஹால் ஜன்னல் திறந்திருப்பதாக வைத்திருந்தேன். நாங்கள் எங்கே திறக்கிறோம்? ரோட்டுத் தூசி என்று மூடச் சொன்னதே நான்தான்.
மூடியதாக மாற்றி, சமையலறை எக்ஸாஸ்ட் காற்றாடியைப் போட்டேன். வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே வர ஒரே வழி, யாழினி அறை ஜன்னல். அது ஏர்வெல் பக்கம்: கட்டடத்தின் நடுவே கிணறுபோல் மேலே திறந்த இடம். கீழ்த்தளச் சாப்பாட்டுக் கடையின் புகை அதில்தான் ஏறுகிறது. திரையில் சிவப்புக் கோடுகள் நேராக அவள் கட்டிலுக்கு.
கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன்.

7 ஜூன், சனி
கணினியை மட்டும் நம்ப மனமில்லை. அந்த ஜன்னலில் ஊதுபத்தி பிடித்தேன். காற்றாடி போட்டதும் புகை வளைந்து உள்ளே.
"அலமாக்! அப்படியே இழுக்குதே," என்றார் முரளி. ஹால் ஜன்னலைத் திறந்தேன். புகை நிமிர்ந்தது.
"நான்தாங்க மூடச் சொன்னேன்."
"மூடுனது நான்தானே. விடு லா."
அறையை மாற்றினோம். எங்கள் அறை இனி அவளுக்கு. அதன் ஜன்னல் வெளிப்பக்கம். ஏர்வெல் ஜன்னலை அடைத்தாயிற்று. முதுகு வலி.

15 ஜூன், ஞாயிறு
நேற்றுக் காலை யாழினியை அழைத்து வந்தோம். கிளம்பும்போது முரளியின் அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. "பத்திரமா பாத்துக்க," என்று குரல் மட்டும்.
நேற்று முழுக்க இளைப்பு இல்லை. இன்று மதியம் தூங்கினாள். மார்பில் காதை வைத்தேன். விசில் சத்தம் இல்லை. நேரம் போனதே தெரியவில்லை.
விழித்ததும், "அத்தை?"
"அம்மாடா."
எழுந்து உட்கார்ந்தாள். "எப்போ வீட்டுக்குப் போறோம்?"
தோசை ஊற்றித் தருகிறேன், வா என்றேன். வந்தாள்.