விருந்தாளிக்கு மனம் கோணாமல்

கோக்-சாய்,
செப்டம்பர் 9, 2004

அன்புத் தம்பி எல்டியாருக்கு,

நம் ஊர் வரலாற்றில் நிற்கப்போகும் முடிவு ஒன்று ஞாயிறன்று எடுக்கப்பட்டது. நம் வீட்டுக் கழிப்பறைக்குக் கதவு போடுவதென்று. முன்மொழிந்தவர் ஊர்த்தலைவர் ஷார்ஷென் பெரியவர். இரண்டு பேர் எதிர்த்தார்கள். கதவில்லாமல் இதுவரை யாரும் சாகவில்லை என்பது அவர்கள் வாதம்.

காரணம் மாரித். நார்வேயிலிருந்து சம்பளமில்லாமல் தொண்டு செய்ய வந்திருக்கும் நர்ஸ். பகலில் என் மருந்தகத்தில் எனக்குத் துணை, இரவில் நம் வீட்டில் தங்கல். அதற்குள் சாணம் தட்டவும் மாவு பிசையவும் கற்றுக்கொண்டாள். அவளை அனுப்பிய சங்கத்திடம் ஒரு ஜீப் இருக்கிறது. பனிக்காலத்தில் அது நம் ஊரில் நிற்பதா, கணவாய்க்கு அந்தப் பக்கம் தோலொக்கில் நிற்பதா என்று அவள்தான் சொல்லவேண்டும். எங்கே நோய் அதிகமென்று வீடுவீடாகக் கேட்கிறாள். விருந்தாளியிடம் நம்மவர்கள் நோயைச் சொல்வார்களா? ஷார்ஷென் பெரியவர் மூச்சிரைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "எனக்கென்னம்மா, குதிர மாதிரி இருக்கேன். நீ மொதல்ல ரொட்டிய எடு" என்றார்.

உன் மனைவி கான்ஷாயிமுக்குக் கால் வீங்கியிருக்கிறது. இரத்த அழுத்தமும் அதிகம். முதல் பிள்ளை போன விதம் உனக்குத் தெரியும். டிசம்பரில் பிரசவம்; அப்போது பனியில் ஆஸ்பத்திரிக்குப் பேருந்து ஓடாது. மாரித்திடம் சொன்னேன். "அவங்க வாயால சொல்லட்டும்" என்கிறாள். அவள் நாட்டில் ஒருவர் உடம்பைப் பற்றி இன்னொருவர் பேசுவதில்லையாம். கான்ஷாயிமோ தேநீர் ஊற்றிக்கொண்டே, "எனக்கு ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் வெண்ணெ போடவா?" என்கிறாள். நீ ஒரு வரி எழுதினால் வாய் திறப்பாள்.

அக்கா,
புருல்கான்


எகாதெரின்பர்க்,
செப்டம்பர் 28

அன்புள்ள அக்கா,

கதவுச் செய்தி கேட்டு இங்கே என்னோடு வேலைக்கு வந்திருக்கும் நம் ஆட்கள் இரண்டு நாள் சிரித்தார்கள். நீ கவலைப்படாத மாதம் எது, சொல்.

அந்தப் பெண் சொந்த வீட்டை விட்டு நமக்காக வந்திருக்கிறாள். அவள் சாப்பிடும்போது காலைக் காட்டி அழுவது நம் வீட்டுக்கு அழகா? ஜீப்புக்காக நடிக்கிறோம் என்று நினைக்கமாட்டாளா? நீ கேட்டபடி கான்ஷாயிமுக்கு எழுதிவிட்டேன்: விருந்தாளிக்கு மனம் கோணாமல் நடந்துகொள், சிரித்த முகமாக இரு என்று. அவள் தைரியசாலி.

உன் தம்பி,
எல்டியார்


கோக்-சாய்,
அக்டோபர் 24

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கான்ஷாயிம் சட்டைக்குள்ளேயே வைத்திருக்கிறாள். மாரித் கடைசியாக ஒருமுறை இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு வந்து உட்கார்ந்தாள். "கையக் குடுடி, ஒரு நிமிஷந்தான்" என்றேன். "விடுங்கக்கா, அவருதான் எழுதியிருக்காரே" என்று கைச்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். மாரித் மரியாதை தெரிந்தவள். வற்புறுத்தவில்லை.

இவ்வளவு ஆரோக்கியமான ஊரைத் தான் பார்த்ததில்லை என்று என்னிடம் சொன்னாள். தோலொக்குக்காரர்களுக்கு நாகரிகம் போதாது. முதல் வீட்டிலேயே ஒருவர் குடலிறக்கத்தைக் காட்டியிருக்கிறார். இன்னொருவர் தேநீர்க் கிண்ணங்களுக்கு நடுவே தன் சிறுநீரைப் புட்டியில் கொண்டுவந்து வைத்தாராம். ஜீப் அங்கே போகிறது, மாரித்தும் போகிறாள். வழியனுப்ப ஆடு அறுத்தார்கள்.

கடைசிப் பேருந்து நவம்பர் பத்தாம் தேதி. நகரத்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்து நானே அவளோடு தங்குகிறேன். "அவரு சொன்னா வர்றேன்" என்கிறாள். உடனே எழுது.

அக்கா


எகாதெரின்பர்க்,
நவம்பர் 19

அன்புள்ள அக்கா,

வேலை நெருக்கடி, பதில் தாமதம். பேருந்து நின்றிருக்கும். பரவாயில்லை, நம் அம்மா நம்மை வீட்டில்தானே பெற்றாள். அதோடு நீ இருக்கும்போது எனக்கென்ன பயம்.

எல்டியார்


கோக்-சாய்,
டிசம்பர் 20

எல்டியார்,

பதினான்காம் தேதி வலியோடு வலிப்பும் வந்தது. ஷார்ஷென் பெரியவர் தோலொக்குக்குக் குதிரையில் ஆள் அனுப்பினார். மாரித் உடனே கிளம்பியிருக்கிறாள். கணவாயில் பனியை வெட்டி வெட்டி ஜீப் வந்து சேர மறுநாள் மாலையாகிவிட்டது.

மாரித் கான்ஷாயிமின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "ஏன் சொல்லல? ஏன் யாருமே சொல்லல?" என்று எல்லோரையும் கேட்டாள். அவள் முன்னால் ரொட்டி வைத்தார்கள்.

பெண் குழந்தை. மாரித் கொண்டுவந்த பால்மாவைக் குடிக்கிறது. கான்ஷாயிமை வியாழக்கிழமை அடக்கம் செய்தோம்.

புருல்கான்