உம்மாவைக் கண்டு எழும்பிய கால்கள்

அன்பு மகள் ஷஹ்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் முழங்கால் வலியைத் தவிர எனக்கொரு குறையும் இல்லை, ஒசாகாக் குளிரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். தொலைபேசியில் சொன்னால் இடையில் புகுந்து விளக்கம் தருவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் ஆய்வுகூடம் பிலிமத்தலாவையிலுள்ள சிகிச்சை நிலையத்துக்கு இரவல் கொடுத்த இயந்திரக் கவசத்தை உன் நானா, என் மூத்த மகன் ருஷ்தியின் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பூட்டிப் பார்க்கிறார்கள். எழும்ப நினைத்தால் போதும், காலுக்குப் போகும் சமிக்ஞையைத் தோலில் ஒட்டிய வில்லைகள் பிடித்துக் கவசத்தை அசைக்கும் என்றாய். அவனோ பல்லைக் கடித்து, உடம்பையெல்லாம் இறுக்கி நினைத்தான், ஒன்றும் அசையவில்லை. இந்த வாரமும் சமிக்ஞை கிடைக்காவிட்டால் கவசத்தை வேறு நோயாளிக்குக் கொடுக்க நேரும் என்று பயிற்சி கொடுக்கும் ஸமீம் சொல்லிவிட்டார். ஹுன்னஸ்கிரிய வளைவில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கால்கள் இயங்காமல் போன பிறகு முதல் தடவையாக உன் நானா, இனி என்னைக் கூட்டிப் போகவேண்டாம் என்று மனைவியிடம் சொன்னானாம். அதை மாமியிடம் நீங்களே சொல்லுங்கள் என்றாளாம் மஸாஹிரா. நல்ல மருமகள்.

அவன் இயலாமல் இருப்பதை நான் பார்ப்பது அவனுக்குப் பிடிக்காது என்று இதுவரை போகாதிருந்தேன். வியாழக்கிழமை சொல்லாமல் போனேன். ஸமீம் ஏதோ பகிடி சொல்ல, கவசத்தோடு கதிரையில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி நின்றான், மகள். பெரியவர்கள் உள்ளே வந்தால் எழும்ப வேண்டும் என்று கொன்வென்டில் சிஸ்டர்மார் எனக்குப் பழக்கியதை உங்களுக்குப் பழக்கினேன், அதற்காக முதுகுக்குப் பின்னால் எனக்கு மேஜர் என்று பேர் வைத்ததும் தெரியும். நான் அழவில்லை. இரு மகன் என்றேன். அவன் குனிந்து கால்களைப் பார்த்து, “உம்மா, எழும்பிட்டன், இனி இரிக்கிறது எப்பிடி?” என்றான். ஸமீம்தான் தாங்கிக் கதிரையில் இருத்தினார். பிறகு என்னை வெளியே அனுப்பித் திரும்ப வரச் சொன்னார். எதிர்பார்த்து இறுக்கிக்கொண்டிருந்தான், எழும்பவில்லை. இன்னொரு தடவை, பேச்சில் மறந்திருந்த நேரம் போனேன், எழும்பினான். கவசத்தை எடுத்துப் போகமாட்டார்களாம்.

எழும்பியவனைத் திரும்பக் கதிரையில் இருக்கப் பழக்கும் வழியை உன் பேராசிரியரிடம் கேட்டு அனுப்பு. தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. அல்லாஹ் உன் கைவேலையில் பரக்கத் செய்வானாக. நோன்புப் பெருநாளைக்கு நீ வருவதை ஒருவருக்கும் அறிவிக்காதே, எனக்கு மட்டும் சொல்லிவிட்டு நேரே உள்ளே வா. தங்கச்சியைக் கண்டாலும் எழும்ப வேண்டும் என்று அவனுக்கு நான் பழக்கவில்லை, ஆனாலும் பார்ப்போம்.

இப்படிக்கு,
உன் உம்மா,
கட்டுகஸ்தோட்டை.