இடக்கண் வாசித்த எழுத்துகள்

இன்று காலை கார் லைசென்ஸைப் புதுப்பிப்பதற்காக இங்கே சிட்னியின் டூங்கபியில் கண் பரிசோதனைக்குப் போனேன். அங்கிருந்தது நம்மவர் வீட்டுப் பெண். "வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு மேலயிருந்து வாசியுங்கோ அங்கிள்" என்றாள். சுவரில் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. ஆனால் என் வாய் தானாகவே டி, என், எச், ஆர் என்று சொல்லத் தொடங்கிவிட்டது. "அப்பிடி ஒண்டும் அங்க இல்லையே" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உள்ளங்கை வியர்த்துப்போயிருந்தது. அவை உனக்காக நான் திருடிய எழுத்துகள்.

நீ காலமாகிவிட்டாய் என்று உன் மகளின் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நீ போன பிறகும் அந்தப் பயம் போகவில்லை என்பது இன்றுதான் தெரிந்தது.

எழுபதுகளின் நடுவில் ஹோம்புஷில் எங்கள் எதிர் ஃபிளாட்டுக்குச் சுவீடன்காரனான நீ குடிவந்தாய். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடங்கள் வரைந்துகொண்டிருந்தேன். என் மனைவி பவளம் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். நீ பகலில் மரக்காலையில் பலகை தூக்கினாய், சனிக்கிழமைகளில் இங்குள்ள சின்னக் கிளப்புக்கு ஐஸ் ஹொக்கி விளையாடினாய். பனிக்கட்டித் தரையில் கத்தி பூட்டிய சப்பாத்தோடு ஓடி, ஒரு கறுப்பு ரப்பர் வட்டை அடிக்கும் ஆட்டத்தை உன்னால்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பத்து வருடம் சுவீடனின் முதல்தரக் கழகமொன்றில் சம்பளத்துக்கு விளையாடியவன் நீ. பதினாறு வயதிலேயே பெரியவர்களின் அணியில் சேர்ந்ததை, தேசிய அணியின் முகாமுக்கு ஒருமுறை அழைத்து நாலாம் நாள் திருப்பி அனுப்பியதையெல்லாம் எங்கள் குசினிக் கதிரையில் இருந்து சொல்வாய். கடைசி வருடம் ஒரு வட்டு உன் இடக்கண்ணில் பட்டது. கண் ஆறவில்லை என்று கழகம் உன்னை விட்டுவிட்டது. ஆறிவிட்டது என்று காட்டத்தான் இவ்வளவு தூரம் வந்தாய்.

அது ஆறவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை மேசையின் இடது ஓரத்தில் வைத்தால் நீ தட்டிவிடுவாய். இரண்டாவது கோப்பை உடைந்த அன்று, பவளம் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், நீ என்னிடம் உண்மையைச் சொன்னாய். அந்தக் கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். சுவீடனில் உன் பழைய கழகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. இரண்டு கண்ணும் நலம் என்று டாக்டரின் சான்றிதழ் இருந்தால் அடுத்த பருவத்துக்கு உன்னை எடுப்பார்கள். முப்பது வயதில் வேறொன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய்.

அடுத்த நாள் இருமல் என்று பொய் சொல்லி, நீ சான்றிதழுக்குப் போகவிருந்த டாக்டரிடம் போனேன். அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டபோது, நான் எதிர்ச் சுவரிலிருந்த கண் பரிசோதனை அட்டையின் எழுத்துகளைப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். என் இதயம் ஏன் இப்படி அடிக்கிறது என்று கேட்டார். வெளியே வந்து அவற்றைப் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதினேன். இரண்டு நாளில் நீ ஐந்து வரியையும் பாடமாக்கினாய். சான்றிதழும் கிடைத்தது.

பவளம் என் ஷேர்ட்டைத் தோய்க்க எடுத்தபோது அந்த டிக்கெட் அகப்பட்டது. சவர்க்காரக் கையோடு வந்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, உது ஆற்ற கண்ணுக்கு?"

சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை.

"அந்த மனுசன்ர மற்றக் கண்ணும் போனா என்ன செய்வியள்? கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு திரிவியளோ?"

அதற்குப் பிறகு உன் ஆட்டத்தைப் பார்ப்பது எனக்கு வேதனையாகிவிட்டது. முகத்துக்கு மறைப்பில்லாமல் விளையாடிய காலம் அது. வட்டு உன் இடப்பக்கம் போகும்போதெல்லாம் இருக்கையை விட்டு எழுந்துவிடுவேன். விழப்போகும் அடி உனக்குத்தான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம், எதிரணிக்காரன் ஒருவன் உன் இடது தோளுக்குப் பின்னால் வந்தான். பேக்கரியில் வேலைசெய்தவன், அவன் மனைவி கைக்குழந்தையோடு எனக்கு முன்வரிசையில் இருந்தாள். நீ அவனைக் காணவில்லை. வட்டை அடிக்க மட்டையை வீசித் திரும்பினாய். அதன் நுனி அவன் கண்ணுக்குக் கீழே கிழித்தது. வெள்ளைத் தரையில் இரத்தம் பரவியது. அவள் எழுந்து நின்றாள். நீ மட்டையைப் போட்டுவிட்டு அவனருகே முழங்காலில் இருந்தாய்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு எதிரே இரண்டு மணித்தியாலம் இருந்தோம். அவள் உன்னிடம், இது விளையாட்டில் நடப்பதுதானே என்றாள். அவள் எங்களுக்கு ஆறுதல் சொன்னது எந்தத் திட்டையும்விடக் கொடுமையாக இருந்தது. நகம் அளவு தூரத்தில் கண் தப்பியது என்று ஆஸ்பத்திரி டாக்டர் வந்து சொன்னபோது நீ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாய்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, உண்மையைச் சொல்வதென்று சான்றிதழ் தந்த டாக்டரின் வாசல்வரை போனேன். கதவில் கை வைத்தபோது பயம் பிடித்துக்கொண்டது. பொய்ச் சான்றிதழுக்கு உதவியவன் நான். இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவன். வழக்குப் போட்டால், திருப்பி அனுப்பினால், பவளம் என்ன செய்வாள்? கையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். இதை நான் உன்னிடம் ஒருபோதும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் நீ எங்கள் கதவைத் தட்டினாய். காலையிலேயே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிச் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாய். சுவீடன் கழகத்துக்கும் எழுதிவிட்டாய். எழுத்துகளை யார் தந்தது என்று அவர் கேட்டாராம்.

"நானே பார்த்து எழுதினேன் என்றேன்" என்றாய், உன் அரைகுறை ஆங்கிலத்தில்.

பவளம் உன்னைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்லி உள்ளே போனாள். நானும் அந்தக் கதவுவரை போய்த் திரும்பியதைச் சொல்லாமல், உன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாய்.

நீ நாடு திரும்பினாய். பள்ளிக்கூடமொன்றில் சின்னப் பிள்ளைகளுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தாய் என்று உன் கடிதங்கள் சொல்லின. நல்ல வாழ்க்கைதான் வாழ்ந்தாய் என்று உன் மகளும் எழுதியிருக்கிறாள்.

புறப்பட்ட அன்று ஸ்டேஷனுக்கு உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் உன் வலப்பக்கம் நடந்தேன். தெருவைக் கடக்குமுன் நின்று, என்னை இடப்பக்கம் வரச் சொன்னாய். அதுவரை யாரிடமும் நீ அப்படிக் கேட்டதில்லை. நான் சுற்றிவந்து மறுபக்கம் சேர்ந்துகொண்டேன்; நீ என் தோளைத் தொட்டபடி தெருவைக் கடந்தாய்.

அதற்குப் பிறகு யாருடன் நடந்தாலும் என் கால் தானாக இடப்பக்கம் போய்விடுகிறது. ஏன் சுத்திச் சுத்தி அந்தப் பக்கமே வாறியள் என்று பவளம் இப்போது கேட்பதில்லை. வலப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கி எனக்கு இடம் விடுகிறாள்.