விசில் அடித்த பிறகு

ரென்ஃபோர்ட், ஒஹாயோ
நவம்பர் 19, 1986

அன்பு மகன் கேஸிக்கு,

அம்மாவின் முத்தங்கள். கலிஃபோர்னியாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, ராத்திரி ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது. மில்லின் கடைசிப் புகைபோக்கியையும் போன வாரம் இடித்துவிட்டார்கள். ஊரே தெருவில் நின்று வேடிக்கை பார்த்தது. உன் ஞானத்தாய்க்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி, இப்போது கோல் இல்லாமல் கோயிலுக்கு வருகிறாள். நன்றி சொல்லும் நாளுக்கு நீ வர முடியாது என்று தெரியும். இருந்தாலும் உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த பியரோகி செய்து குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது. அப்பாவும் இப்போதெல்லாம் சமையலறையை விட்டு நகர்வதில்லை. பக்கத்து வீட்டு செஸ்டர் அவரை முடிவெட்டக் கூட்டிப் போயிருக்கிறார். அவர்கள் வருவதற்குள் முடித்துத் தபாலில் போட்டுவிட வேண்டும்.

அப்பாவைப் பற்றி உனக்கு நான் இதுவரை பாதிதான் சொல்லியிருக்கிறேன். ஞாபகமறதி, வயசாகிறது என்றேன். ஐம்பத்தைந்து ஒரு வயசா? ஆகஸ்டில் மளிகைக் கடைக்குப் போனவர் பக்கத்து ஊர்ப் பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டிருந்தார், வீட்டு விலாசம் தெரியாமல். அன்றிலிருந்து கார் சாவி என் ஏப்ரன் பையில் இருக்கிறது. என் மணிக்கட்டில் கட்டு எதற்கு என்று உன் மாமா கேட்டதாகச் சொன்னாயே, அந்தச் சாவியால் வந்ததுதான். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. பிடித்த பிடியை விடத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டர் இளைஞர், மரியாதையானவர். படங்களைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் குத்துச்சண்டை போட்டவரா?" என்று கேட்டார். இல்லை, ஃபுட்பால் ஆடினவர், வரிசையில் நின்று தலையோடு தலை மோதுகிறவர் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எத்தனை வருஷம்?" என்றார். "பெரிய டீம்ல பதினோரு வருஷம். அதுக்கு முன்னாடி காலேஜ், ஸ்கூல்" என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. திட்டுவார், பயமுறுத்துவார் என்று நினைத்துப் போனேன். அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இந்த நிலையில்தான் அப்பாவின் பழைய டீமிலிருந்து அழைப்பு வந்தது. உலைக்காரர்கள் அணிக்கு ஐம்பது வருஷம் நிறைகிறதாம். பழைய ஆட்டக்காரர்கள் எல்லாரையும் மைதானத்தில் நிறுத்திக் கௌரவிக்கப்போகிறார்களாம். எப்படியாவது மறுத்துவிடத்தான் பார்த்தேன். ஆனால் அந்த அட்டையைக் கையில் வாங்கியதும் உன் அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. நீல சூட்டை எடுத்துத் தானே இஸ்திரி போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கார் அனுப்பியிருந்தார்கள். நகரம் போகும்வரை அப்பா டிரைவருக்கு டீமின் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கே ஆச்சரியம். ஒரு பெயர்கூடத் தப்பவில்லை.

"முப்பத்தாறுல மில்லுல ஸ்ட்ரைக். போலந்துக்காரன், ஸ்லோவாக்குக்காரன், தெக்கே இருந்து வந்த கறுப்பு ஆளுங்க, எல்லாரும் கேட்டுக்கு வெளியில சும்மா நின்னோம். நின்னோம்னா நான் இல்ல, எங்கப்பன். நான் அப்ப சின்னப்பய. போலீஸ்கிட்ட அடிவாங்குறதுக்கு நமக்குள்ளயே அடிச்சுக்கிட்டா தேவலன்னு ஆரம்பிச்சதுதான் தம்பி இந்த டீம்" என்றார். டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். உலைச் சாம்பலைக் கொட்டி மிதித்து உண்டாக்கிய மைதானம், விழுந்தால் முழங்காலுக்குள் கரித்துண்டு புகுந்துவிடும், இன்றைக்கும் தன் முட்டியில் ஒன்று இருக்கிறது என்று பேண்டைத் தூக்கிக் காட்டினார். ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்கள் உட்கார்ந்து சட்டைகளுக்கு நம்பர் தைத்தது, பெரிய லீக்கில் சேர்த்துக்கொண்டது, ஐம்பத்தேழில் பனிக்கு நடுவே சாம்பியன் ஆனது, அறுபத்துநாலில் முதலாளி டீமை நகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. "ஊரு பேரை எடுத்துட்டாங்க, உலைக்காரனை மட்டும் வச்சுக்கிட்டாங்க. அங்க உலை எங்கடா இருக்கு? ஓட்டல் அடுப்புதான் இருக்கு!" என்றார். நானும் சிரித்தேன். மனசு லேசாகிவிட்டது. வீணாகப் பயந்தோமே என்றுகூட நினைத்தேன்.

ஒரு சிக்னலில் கார் நின்றது. அப்பா முன்பக்கம் குனிந்து, "ஏம்ப்பா, பெர்னி எங்க? அவளைக் கூட்டிக்கிட்டு வரலியா?" என்று டிரைவரிடம் கேட்டார். அந்த பெர்னி, நான், அவர் பக்கத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கேஸி.

ஸ்டேடியத்தில் ஆண்களை ஒரு பக்கமும் எங்களை ஒரு பக்கமும் கூட்டிப்போனார்கள். ரோஸ்கோ பீலை உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பாவுக்குப் பின்னாலிருந்து பந்தோடு ஓடுவாரே, உன்னைத் தோளில் தூக்கிச் சுற்றுவாரே, அவர்தான் வாசலில் நின்றார். தலை முழுக்க வெள்ளை. "என்னடா ஃப்ளோரியன், நீ இன்னும் உசுரோடதான் இருக்கியா? உன் மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலியே!" என்றார். அப்பா அவரைக் கட்டிக்கொண்டார். ரோஸ்கோ கூட இருப்பார் என்ற தைரியத்தில் அப்பாவை விட்டுவிட்டு வந்தேன்.

பெண்கள் கழிப்பறையில் ஆக்னஸ் லிண்ட்குவிஸ்டைப் பார்த்தேன். அவள் கணவர் கார்ல், களத்தில் அப்பாவுக்கு வலப்பக்கம் நின்றவர், வசந்தத்தில் இறந்துபோனார். துப்பாக்கி துடைக்கும்போது தவறி வெடித்தது என்று பேப்பரில் போட்டிருந்தது. அவள் கார்லின் போட்டோவோடு தனியாக வந்திருந்தாள். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே, "கார் சாவியா, அடுப்பா?" என்று கேட்டாள்.

நான் சட்டைக் கையை இழுத்துக் கட்டை மறைத்தேன். பக்கத்தில் ரோஸ்கோவின் மனைவி பேர்ல் கைகழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். "எங்க வீட்ல அடுப்பு. பத்தவச்சுட்டு மறந்துடறாரு. யாருகிட்டயும் சொல்லாதீங்கம்மா, அவரு சர்ச்சுல டீக்கனா இருக்காரு" என்றாள். அவ்வளவு நேரம் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டிருந்த இன்னொருத்தி கண்ணாடியைப் பார்த்தபடியே அழ ஆரம்பித்தாள். அவள் கணவர் எந்த வருஷம் ஆடினார் என்றுகூட எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் மட்டும்தான், எனக்கு மட்டும்தான் இந்தச் சாபம் என்று நினைத்திருந்தேன், மகனே. அன்று அந்தக் கழிப்பறையில் இருந்த ஒவ்வொருத்தியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

வெளியே வரும்போது ஆக்னஸ் என் காதருகே வந்து, "உன் வீட்ல துப்பாக்கி இருக்கா?" என்றாள். மான் வேட்டைக்கு வைத்திருக்கிறார் என்றேன். "இன்னைக்கே எடுத்துடு. நாளைக்குன்னு வைக்காத" என்றாள்.

இடைவேளையில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பீரங்கி வேட்டு, புகை. உலையில் இரும்பு ஊற்றுகிற மாதிரியாம். அப்பாவின் பெயரைச் சொன்னதும் எழுபதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். அழகாகத்தான் நடந்து வந்தார். கையைக்கூட ஆட்டினார். வேட்டு வெடித்தது. அவர் நின்றார். மூன்று விரலைப் புல்லில் ஊன்றி, எதிராளிமேல் பாயக் காத்திருக்கும் அந்தப் பழைய நிலையில் குனிந்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது, பழைய ஆட்டக்காரர் விளையாட்டுக் காட்டுகிறார் என்று. எனக்கு மட்டும் தெரிந்தது, அது விளையாட்டில்லை.

எதிரே பெரிய பொம்மைத்தலை மாட்டிக்கொண்டு உலைக்காரன் வேஷத்தில் ஒரு உருவம் ஆடிக்கொண்டிருந்தது. அப்பா அதன்மேல் பாய்ந்தார். இடித்துக் கீழே தள்ளி மேலே விழுந்து அழுத்திக்கொண்டே இருந்தார். ஸ்டேடியம் முழுக்க வயிறு வலிக்கச் சிரித்தது. வேலியை ஒட்டிய எங்கள் வரிசையில் இருந்த பெண்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல், "விடுங்க, மூச்சு முட்டுது, விடுங்க!" என்று கத்துவது எனக்குக் கேட்டது. நான் வேலியைத் தாண்டப் பார்த்தேன். காவலாளி விடவில்லை.

ரோஸ்கோதான் ஓடினார். அப்பாவை இழுக்கவில்லை. பக்கத்தில் புல்லில் மண்டிபோட்டு அவர் முதுகில் கைவைத்தார். "ஃப்ளோ, விசில் அடிச்சாச்சுடா. அடிச்சு ரொம்ப நேரமாச்சு. எந்திரிடா, நம்ம பெஞ்சுக்குப் போலாம்" என்றாராம். அப்பா விட்டுவிட்டார். எழுந்து, "ஜெயிச்சோமா?" என்று கேட்டாராம். "ஜெயிச்சோம்டா" என்றாராம் ரோஸ்கோ. பொம்மைத்தலையைக் கழற்றியபோது கல்லூரியில் படிக்கிற பெண், மூக்கிலிருந்து ரத்தம். வேலியோரம் அவளைக் கூட்டி வந்தபோது நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல ஆன்ட்டி, அவருக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று என்னையே கேட்டாள். நல்ல பிள்ளை.

காருக்குப் போகும் வழியில் டீம் ஆபீஸ் ஆள் ஒருவன் ஓடிவந்து, "அம்மா, பிரமாதம்! ஜனங்க கொண்டாடிட்டாங்க. டிவில திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டு இருக்காங்க" என்றான். நான் அப்பாவைக் காரில் ஏற்றிக் கதவைச் சாத்தினேன்.

வீட்டுக்கு வந்த கையோடு நிலவறைக்குப் போய்த் துப்பாக்கி அலமாரியைத் திறந்தேன். துப்பாக்கி இல்லை. மேலே அப்பா நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நிற்கும் இடத்தையெல்லாம் மனசுக்குள் கணக்குப் போட்டபடி படியேறினேன். சமையலறையில், துடைப்பங்களுக்குப் பின்னால், கோட்டால் சுற்றி நிறுத்தி வைத்திருந்தது. தினமும் அவர் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில். ஏன் அவர் சமையலறையை விட்டு நகர்வதில்லை என்று அப்போதுதான் புரிந்தது. செஸ்டர் முன்னாள் போலீஸ்காரர், உடனே வந்தார். குண்டுகளைக் கழற்றி, கம்பளியில் சுற்றி எடுத்துப்போனார். அப்பா தடுப்பார், கத்துவார் என்று மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செஸ்டர் போனதும் தெளிவாகச் சொன்னார்: "நல்ல காரியம் பண்ணின, பெர்னி. என்னால எடுத்துக் குடுக்க முடியல. எடுத்துடுன்னு கேக்கவும் பயமா இருந்துச்சு."

அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். என்னைவிடத் தனியாக.

இதுவரை எழுதியது உன் அப்பாவின் கதை. அதற்காக மட்டும் என்றால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். ரோஸ்கோவும் பேர்லும் அடுத்த மாதம் வருகிறார்கள், ஆக்னஸ் தினமும் போன் செய்கிறாள்.

அன்று சாயங்காலம் உன் ஆட்டத்தை டிவியில் போட்டார்கள். மூன்றாம் பகுதியில் இரண்டு பேர் உன்மேல் விழுந்தார்கள். நீ எழுந்தாய். எழுந்து, எதிர் அணியின் பெஞ்சை நோக்கி நடந்தாய். வர்ணனையாளர், "தம்பி வழி தவறிட்டாரு போல" என்று சிரித்தார். உன் ஆள் ஒருவன் உன் தோளைப் பிடித்துத் திருப்பினான். அடுத்த பந்துக்கே நீ மறுபடி களத்தில் நின்றாய். அப்பா டிவியைப் பார்த்து, "பையன் தங்கம், அடிச்சாலும் எந்திரிக்கிறான்" என்றார்.

நேற்று நீ போன் செய்தாய். ஞானத்தாயின் ஆபரேஷன் எப்படி என்று கேட்டாய். சொன்னேன். ஏதேதோ பேசினோம். கொஞ்ச நேரம் கழித்து, அவளுக்கு எப்போது ஆபரேஷன் என்று கேட்டாய். நான் மறுபடியும் சொன்னேன், முதல் தடவை சொல்வதுபோலவே. போனை வைத்தேன். அப்பா, "யாரு போன்ல?" என்றார். ராங் நம்பர் என்றேன்.

கண்ணே, நீ கோபப்படுவாய். ஒப்பந்தம், பயிற்சியாளர், உன் இடத்துக்குக் காத்திருக்கும் இருபது பேர், எல்லாம் எனக்குத் தெரியும். இந்த வீட்டில் உன்னைவிட நான்தான் அதிக வருஷம் ஃபுட்பாலைச் சோறாகச் சாப்பிட்டவள். ஆனாலும் அடிபட்டதும் டீம் ஆட்கள் விரலை நீட்டி எத்தனை என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவன் முணுமுணுப்பதைச் சொல்லாதே. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல். ஒரு நல்ல டாக்டரைப் பார். டீம் டாக்டர் வேண்டாம்.

சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நீ ஜெயிக்க வேண்டும் என்று மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன். இந்த ஞாயிறு நீ பெஞ்சிலேயே உட்கார வேண்டும் என்று ஏற்றப்போகிறேன். மாதா என் பேச்சைக் கேட்கட்டும். செஸ்டரின் கார் சத்தம் கேட்கிறது.

கடிதம் கிடைத்ததும் போன் செய். என்ன எழுதியிருந்தேன் என்று கேட்பேன். பார்க்காமல் சொல்லிவிடு, என் ராஜா. முழுக்கச் சொல்ல வேண்டாம், பாதி சொன்னால்கூடப் போதும்.

கடவுள் உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
பெர்னடின்