அறைக்கு முன்பே போன காது

பெனிட்டோ, அம்மா எழுதி வைத்த இந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார் கண்ணு. தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கதை சொன்ன நான், உனக்குச் சொல்லாமல் வைத்த ஒன்றைச் சொல்கிறேன்.

அப்பா அறைந்துதான் உன் இடது காது போனது என்று பன்னிரண்டு வருடமாக அவரோடு நீ பேசுவதில்லை. நேற்றும் அதைச் சொல்லித்தான் என்னிடம் கத்தினாய்.

அறை விழுந்தது ஐந்து வயதில். சீழ் வடிந்தது இரண்டு வயதிலேயே. காசிமேட்டில் கூடை மீனையெல்லாம் விற்றுவிட்டு உனக்கு வெறும் கஞ்சித்தண்ணீர் ஊற்றிய நாட்கள் அவை. "ஒடம்புல சத்தே இல்லம்மா, அதான் சீழு திரும்பத் திரும்ப வருது. காதே போயிடும்" என்றார் டாக்டர். பிள்ளையைப் பட்டினி போட்டவள் என்பார்களே என்று, கடலிலிருந்து வந்த அப்பாவிடம் மறைத்தேன்.

"இன்னாடா, கூப்ட்டுகினே கீறேன், திமிரா?" என்று அவர் அறைந்தது, உனக்குக் கேட்காதது தெரியாமல். பழியை அவர் மேலேயே விட்டுவிட்டேன்.

இப்போது அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவரப் போகிறேன். இனி வைத்தியமில்லையாம். குழம்பு சட்டியில் இருக்கிறது, சாப்பிடு. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு மரியத்திடம் கொடு.

போகாதே. அவர் குரல் ரொம்பக் கம்மி. வலது காது அவர் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார்.

குளிக்கும்போது காதில் பஞ்சு வை.

நாளைக்கு உன் வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் வயிறு காயாமல், காது அடைக்காமல் இருக்கட்டும், ராஜா.