வெறுங்கையால் பதினோரு வினாடி

நிலவு, தென்முனை நிலையம். காலை 06:42
சரியாக இந்த நேரத்துக்குச் செய்தி வந்தது. மூன்றாம் வெளிக்கதவில் பெனிலா இறந்துவிட்டாள். என் மனைவி. பனிச்சுரங்கத்திலிருந்து திரும்பியவள். கதவருகே வந்தபோது உடையில் ஒன்பது நிமிடக் காற்று இருந்தது. அடுத்த கதவு இருபது நிமிட நடை. கதவு மோட்டாரில் பழுதில்லை.

07:30
வெளியிலிருந்து திறக்க ஆறு எண்கள். மூன்று முறை தவறினால் பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும். அப்போது உள்ளிருந்தும் திறக்க முடியாது. பூட்டு எப்படி இருக்க வேண்டும் என்ற இந்தத் தேவைப் பட்டியலை எழுதியவன் நான். சென்னை சோதனைக்கூடத்தில் நானே அமுக்கிப் பார்த்தேன், வெறுங்கையால். பதினோரு வினாடி.

08:05
அவள் உடையின் ஒலிப்பதிவு:
"அஞ்ச அமுக்குனா ஆறும் சேந்து விழுது. யாருய்யா இந்தப் பூட்டச் செஞ்சது? ஓ, எங்க வீட்டுக்காரர் அன்றோதான! உள்ள வந்து வச்சிக்கிறேன் உங்கள."
சிரிக்கிறாள். அது இரண்டாவது தவறு. மூன்றாவதற்குப் பிறகு உள்ளதை எழுத மாட்டேன்.

09:20
சுரங்க மேஸ்திரி சுடலைமணி அழைத்தார்.
"தம்பி, நாங்க எல்லாரும் மணிக்கட்டுல ஒரு ஸ்பூனக் கட்டிட்டுத்தான் போவோம். காம்பால குத்துனா ஒரு எண்தான் விழும். பெனிலாப் பிள்ளைக்கும் குடுத்தோம். 'எங்க வீட்டுக்காரர் செஞ்ச பூட்டுக்கு ஸ்பூனா? போங்கண்ணே'ன்னு வாங்க மாட்டேன்னுட்டு."
ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.
"சொன்னா, விதியில இல்லன்னு ஸ்பூனப் புடுங்கிருவீங்கல்லா."

10:10
தேவைப் பட்டியலின் பழைய வரைவைத் திறந்தேன். ஓரத்தில் பெனிலா: "கையுறை போட்டு ஒரு தடவ அமுக்கிப் பாருங்க." கீழே நான்: "பயிற்சியில் பழகிவிடும்."
இப்போது போட்டு அமுக்கினேன். நாற்பது தடவை. நான்குதான் சரி.

12:50
பூமியிலிருந்து இயக்குநர்:
"அன்றோ, உங்க வேதனை புரியுது. ஆனா விபத்து அறிக்கையில 'இயக்குபவர் தவறு'ன்னு போட்டுக் கையெழுத்து வச்சிருங்க. ரெண்டு மணிக்கு ஆறு பேர் வெளிய போகணும். நீங்க வைக்காம கதவுக்கு அனுமதி வராது."
மூன்று கதவுகளிலும் அதே பூட்டு.

13:40
காரணம்: தேவைப் பட்டியல். எழுதியவர்: அன்றோ. கதவுகளுக்கு அனுமதி: இல்லை. கையெழுத்து வைத்து அனுப்பினேன்.
சுடலைமணியின் ஆட்கள் வெளியே போக அணிந்த உடையைக் கழற்றுகிறார்கள். யாரும் என் பக்கம் பார்க்கவில்லை.

13:58
இயக்குநர் ஏழு முறை அழைத்துவிட்டார். எடுக்கவில்லை. எட்டாவது அழைப்பு தூத்துக்குடியிலிருந்து, மாமி. பெனிலாவின் அம்மா. வழக்கமாகப் பேசும் நேரம்தான். அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.
மணி அடித்துக்கொண்டே இருந்தது. கைபேசியை அணைத்துவிட்டேன்.